மகன், அம்மாவுடன் ஜெர்மனி பயணம்: விசா கிடைத்த பிறகும் கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள் எவை?

தேன்மொழி கேட்கிறார்:

வணக்கம். தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் அவளிடம் போய் ஒரு மாதம் தங்கிவரலாம் என்று இருக்கிறோம். நான், எட்டு வயது மகன், எழுபதைத் தாண்டிய அம்மா. கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் அவர் வரவில்லை. மூவரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. விசா விண்ணப்பத்துக்கான பட்டியலை அச்செடுத்து வைத்திருக்கிறேன், அதைச் சேர்த்துவிடுவேன். பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு தாளைக் கேட்டு விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

"சொத்துப் பத்திரம் வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ" என்கிறார் ஓர் உறவினர். "விசா ஒட்டியாகிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்" என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? அம்மா இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வழியில் ஓரிடத்தில் விமானம் மாறவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கவுன்டர்:

இரண்டு உறவினர்களையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள் அம்மா. விமான நிறுவனம் ஒன்றின் செக்-இன் கவுன்டரில் பல ஆண்டுகள் நின்றவன் நான். உங்கள் ஆவணங்களை முதலில் ஆராயப்போவது ஜெர்மனியின் குடிநுழைவு அதிகாரி அல்ல, புறப்படும் ஊரிலேயே பெட்டியை எடைபோடுகிறாரே, அவர்தான். தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன விதி என்பதைச் சொல்லும் 'டிமாட்டிக்' என்ற தரவுத்தளம் கவுன்டர்களில் பயன்படுகிறது. அது 'கூடாது' என்றால் கவுன்டரில் இருப்பவரிடம் கண்ணீர் விட்டும் பயனில்லை. வேலையை இழக்க அவர் தயாராக இல்லை.

"மூவரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது" என்ற ஒரு வரி எனக்குப் போதாது. ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய, ஜெர்மனியும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) விட்டுத் திரும்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். வழங்கப்பட்டு 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. விசா ஒட்டக் குறைந்தது 2 பக்கம் காலியாக இருக்கவேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்கும்; நீங்கள் விமானம் மாறும் நாடும் அப்படிக் கேட்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, மகனுடைய பாஸ்போர்ட்டை இப்போதே திறந்து தேதியைப் பாருங்கள். சிறுவர்களின் பாஸ்போர்ட்டைப் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்கே வழங்கும் நாடுகள் பல. வீட்டில் யாரும் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கத்தின் அடியில் '<' குறிகளுடன் இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட், விசா விண்ணப்பம், காப்பீடு எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மகனை வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்துவிட்டு, "எல்லோருக்கும் தெரியுமே சார்" என்று கவுன்டரில் வாதாடிய தகப்பனார்களைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன நிரப்புவது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் நிலைமையில் விடுபட்டுப்போகக்கூடிய தாள் எது என்றால், கணவரின் சம்மதக் கடிதம். விசா விண்ணப்பத்துடன் ஒன்று கொடுத்துவிடுவீர்கள். அது அங்கேயே தங்கிவிடும். பயணத்துக்கென்று நோட்டரி சான்றுடன் ஆங்கிலத்தில் இன்னொரு மூலப் பிரதி வேண்டும். மகன் யாருடன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த முகவரிக்குப் போகிறான் என்பதோடு கணவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். அவருடைய பாஸ்போர்ட் நகலையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் அதனுடனே வையுங்கள். உங்கள் பெயரின் பின்பாதியும் மகன் பெயரின் பின்பாதியும் வேறாக இருந்தால், தாய் நீங்கள்தான் என்பதற்கு அந்தச் சான்றிதழே சாட்சி. குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான் இப்படிக் கேட்கிறார்கள். கேட்டால் கோபப்படாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாகும்படி இருக்கவேண்டும். செலவைத் தங்கை ஏற்பதாக இருந்தால் அவள் கைப்பட எழுதும் அழைப்புக் கடிதம் பண உத்தரவாதம் ஆகாது. அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் முறையான பொறுப்பேற்பு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பவேண்டும். அம்மாவின் மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே கொண்டுபோங்கள். மருத்துவரின் கடிதத்தில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். தூக்க மாத்திரைகளில் சில கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் தூதரகத்திடம் எழுதிக் கேளுங்கள். விமானம் மாறும் நாடும் ஒரு கேள்விதான். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா? தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க நீங்கள் அந்த நாட்டுக்குள்ளேயே நுழைந்து வெளியே வரவேண்டி நேரலாம்; அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கும்.

சொத்துப் பத்திரத்தின் மூலப் பிரதி வீட்டுப் பெட்டகத்தைவிட்டு நகரவேண்டாம். விசாக் கோப்பில் அதன் நகல் போதும்.

செவ்வந்தி:

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தொலைபேசியில் வைத்துக்கொண்டால் போதாதா? தாள் கட்டைச் சுமக்கும் காலம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

பழைய கவுன்டர்:

வையுங்கள், நல்லதுதான். மின்னஞ்சலில் ஒரு பிரதி, தங்கையிடம் ஒரு பிரதி என்று வைத்தால் பாஸ்போர்ட் தொலைந்த நாளில் கைகொடுக்கும். ஆனால் நோட்டரி முத்திரையும் கையெழுத்தும் உள்ள கடிதத்தின் படத்தை ஏற்பதா வேண்டாமா என்பது எதிரில் இருப்பவரின் விருப்பம். சார்ஜ் தீர்ந்த தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழு மணி நேரப் பயணத்தின் முடிவில் அவரோடு விவாதம் செய்யும் ஆசை உங்களுக்கு இருந்தால் சரி.

தாளைக் கொண்டுபோகிறவர்களிலும் ஒரு வகையினர் உண்டு: அழகாகக் கோப்பில் அடுக்கி, அந்தக் கோப்பைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். குடிநுழைவு வரிசை முடிந்த பிறகுதான் பெட்டி வரும். கோப்பு கைப்பையில் இருக்கட்டும்.

மருதம்:

ஒரு சின்னச் சேர்க்கை. பாஸ்போர்ட்டின் உள்பக்க ஓரம் கிழிந்திருந்தாலோ, நீர்பட்டு எழுத்து கலங்கியிருந்தாலோ, படமுள்ள பக்கம் பிரிந்து வந்திருந்தாலோ இப்போதே மாற்றிவிடுங்கள். தேதி செல்லுபடியாக இருந்தும் சேதம் காரணமாக மறுக்கலாம். மகன் கைக்கு எட்டும் இடத்தில் பேனாவோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம்!

தேன்மொழி:

மிக்க நன்றி. மகனுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். திரும்பும் தேதிக்குப் பின் இரண்டு மாதம்கூட மிச்சமில்லை. புதுப்பிக்கக் கொடுக்கப்போகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? தங்கை நடுவில் இரண்டு நாள் லண்டனுக்கும் கூட்டிப்போக ஆசைப்படுகிறாள், முடியுமா?

பழைய கவுன்டர்:

மகனின் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே விண்ணப்பம், டிக்கெட், காப்பீடு எல்லாம். எண் மாறிவிடும் அல்லவா? பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் தாமதம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம். விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, அதனால் முதல் வேலையாக அந்தத் தேதியைப் பிடியுங்கள்.

லண்டன் ஷெங்கனுக்குள் இல்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் லண்டனிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழைவு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள்.

விசா ஒட்டி வந்ததும் வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், நுழைவு எண்ணிக்கை, தங்கும் நாட்கள். இந்தக் கடைசி எண் தனி. தேதிக்கும் தேதிக்கும் இடையே 45 நாள் இருந்து, தங்கும் நாட்கள் 30 என்று அச்சாகியிருந்தால் உங்களுக்கு உள்ளது 30 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேர்த்தி. பிழை கண்ணில் பட்டால் அன்றே எழுத்துமூலம் தெரிவித்துத் திருத்தி வாங்குங்கள். அதற்கு முன் தங்கையை லண்டன் டிக்கெட் எடுக்கவிடாதீர்கள்.