நர்ஸ் எழுதிக் கொடுப்பதை எந்தக் கமிட்டியாவது படிக்கிறதா?

நைட்_டியூட்டி:
அரசு மருத்துவமனையில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். நேற்று ராத்திரி ஆண்கள் மெடிக்கல் வார்டில் 46 பேர், பாய் போட்டுப் படுத்தவர்களையும் சேர்த்து, நான் ஒருத்திதான். இரண்டு மணிக்கு ஒருவருக்கு சர்க்கரை இறங்கிப்போய் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கோடியில் இன்னொருவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு பாத்ரூமுக்குக் கிளம்பிவிட்டார். விழாமல் திரும்பி வந்தார், என் நல்ல நேரம். இப்போது ஆள் பற்றாக்குறை பற்றிக் கருத்து எழுதித் தரச் சொல்கிறது சங்கம், மேலே கமிட்டிக்குப் போகுமாம். அங்கே உட்கார்ந்திருப்பது டாக்டர்களும் ஐஏஎஸ் அதிகாரிகளும்தானே? எழுதி என்ன ஆகப்போகிறது?

சாக்ரமெண்டோ_சிஸ்டர்:
எழுதுங்கள் சிஸ்டர். நான் வேலை பார்க்கும் கலிஃபோர்னியாவில் மெடிக்கல் வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஐசியூவில் 2, இது சட்டம். நான் சாப்பிடப் போனாலும் என் ஐந்து பேரை இன்னொருத்தர் ஓவர் எடுத்தாக வேண்டும். யாரும் தானாகக் கொடுக்கவில்லை. நர்ஸுகள் சங்கம் பல வருடம் முட்டி மோதி 1999-ல் சட்டமானது, 2004-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைப்பதை அப்போதைய கவர்னர் ஸ்வார்ஸ்நெக்கர் நிறுத்தி வைத்தார் (ஆமாம், அந்த நடிகரேதான்). அவர் போன இடமெல்லாம் நர்ஸுகள் போய் நின்றார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், 2005-ல் ஜெயித்தார்கள்.

பழைய_விஎச்என்:
அமெரிக்காவை விடுங்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது ராத்திரி வலி வந்தால் பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பூட்டுதான் தொங்கும். அப்புறம் மூன்று நர்ஸுகளைப் போட்டு, ஷிஃப்ட் முறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள். முடிவெடுத்தது அதிகாரிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஓடும் என்று காட்டியது லேபர் ரூமில் நின்ற அந்த மூன்று பெண்கள். அதில் பல பேர் தொகுப்பூதியத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
கேட்க மாட்டார்கள், கேட்க வைக்க வேண்டும். கேரளாவில் 2018-ல் தனியார் மருத்துவமனை நர்ஸுகளுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அரசாணை வந்ததே, சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடக்கப் போகிறோம் என்று அவர்கள் அறிவித்த பிறகுதான் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் 5 பேருக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர். அது சிபாரிசு, மீறினால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. அதனால் மனுவில் 'சேவை', 'தியாகம்' என்றெல்லாம் எழுதாதீர்கள் சிஸ்டர், பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூன்று மாத நைட் டியூட்டி ரோஸ்டரையும் அன்றன்றைய சென்சஸையும் (வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை) பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், தேதி வாரியாக. கீழே கவுன்சில் கணக்கு. 'இந்த வார்டுக்கு ராத்திரி இத்தனை பேர் வேண்டும்' என்று ஒரே ஒரு எண் கேளுங்கள்.

நைட்_டியூட்டி:
சென்சஸ் நோட்டு வார்டிலேயே இருக்கிறது. ரோஸ்டர் ஹெட் சிஸ்டரிடம், எதற்கு என்று கேட்பார்... சரி, சொல்லியே வாங்குகிறேன். அவருக்கும் இந்த வருடம் முட்டி வலி அதிகம்.