பொருள்: கல்லீரல் காப்பி? காப்பு? தேற்று?

> நெல்லிக்காய்ச் சாறு பற்றிய கட்டுரையில் 'ஹெபடோபுரொடெக்டிவ்' (கல்லீரலைக் காக்கும்) என்பதற்குக் 'கல்லீரல் காப்பி' என்று போடலாமா?

ஐயா, வணக்கம். 'காப்பி' வேண்டாம். பெங்களூரில் அதைப் படிப்பவர் ஒரு காப்பியை இரண்டாகப் பகிரும் 'பை டூ' கேட்பார்.

சோதனை நடந்த வரிசையைப் பார்த்துத்தான் சொல் போட வேண்டும். எலிக்குச் சில நாள் வாய்வழி மருந்து கொடுத்து, அதன்பின் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ஈரல் நஞ்சை ஆலிவ் எண்ணெயில் சரிபாதி கலந்து ஊசியில் ஏற்றினால் அது காப்பு. நஞ்சை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு மருந்து கொடுத்தால், கெட்ட ஈரல் தேறுகிறது. சித்த மருத்துவத்தில் உடலுக்கு வலுவூட்டும் மருந்தை 'உடல்தேற்றி' என்கிறார்களே, அந்த வழியில் இதைக் 'கல்லீரல் தேற்று' எனலாம். ஆங்கிலக் கட்டுரைகள் பல இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. நாமும் ஏன் அடைக்க வேண்டும்?

காப்பிலும் ஒரு சிக்கல். அந்த நஞ்சு ஈரலில் உள்ள சைட்டோகுரோம் 2இ1 நொதியால் டிரைகுளோரோமெத்தில் தனியுறுப்பாக (ஃப்ரீ ரேடிக்கல்) மாறிய பிறகே செல்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கிறது. மருந்து அந்த நொதியை முடக்கினாலும், ஈரல் கெட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகளான ஏஎல்டி, ஏஎஸ்டி ஏறாது. அதை மட்டும் பார்த்து 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்று எழுதிவிடக் கூடாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளுட்டாதயோன், கேட்டலேஸ், கொழுப்புச் சிதைவில் உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடு ஆகியவற்றை ஈரலிலேயே அளந்திருக்க வேண்டும். இன்னொன்று: ரத்தம் எடுக்கையில் சிவப்பணு உடைந்தால் ஏஎஸ்டி பொய்யாக ஏறும், அது சிவப்பணுவிலும் உண்டு.

— மல்லேஸ்வரத்திலிருந்து

> கல்லீரல் தேற்று

பிரித்தது சரி. ஆனால் 'தேற்று' ஏவல் போல ஒலிக்கிறது. 'தேற்றம்' என்றால் கணக்குக்காரர்கள் விடமாட்டார்கள். 'தேற்றல்' என்று வைத்துக்கொள்வோம்.

'சாறு' என்பதையும் மாற்றுங்கள். சாறு, பிழிந்தது. அந்தக் கட்டுரையில் காய்ந்த நெல்லியை 50 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குறைந்த அழுத்தத்தில் வற்றவைத்திருக்கிறார்கள், அது 'சாரம்'. அதிகச் சூட்டில் கொதிக்கவிட்டால் வைட்டமின் சி குறையும்; குறைந்த அழுத்தத்தில் குறைந்த சூட்டிலேயே வற்றிவிடும்.

டிபிபிஹெச் என்பது ஊதா நிறத் தனியுறுப்பு; அதைச் சாரம் ஒடுக்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்குத் 'துப்புரவு' (ஸ்கேவெஞ்சிங்) என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். தெருக்கூட்டும் நினைப்பு வருகிறது. 'தனியுறுப்பு ஒடுக்கம்' போதும். மெத்தனாலில் கரைத்த 0.1 மில்லிமோலார் டிபிபிஹெச் கரைசலில் சாரத்தைச் சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஊதா எவ்வளவு மங்கியது என்று பார்ப்பது அது. சாரத்துக்கே நிறம் உண்டு. டிபிபிஹெச் சேர்க்காத சாரத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் ஒடுக்கம் குறைவாகத் தெரியும். நீர் மிகுந்தால் டிபிபிஹெச் திரிந்து கரைசல் கலங்கும், அளவே கெடும். எப்படியானாலும் இது குப்பியில் நடந்த ஒடுக்கம். இதை வைத்துக் கட்டுரைத் தலைப்பில் 'கல்லீரல் காப்பு' என்று போட முடியாது, ஐயா.

காப்பு, தேற்றல், சாரம், தனியுறுப்பு ஒடுக்கம்: நான்கையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாமா?

— ஜெயநகரிலிருந்து