வேர்ல்டு டூரில் இல்லாத ரோடு பைக்குகள்: கழற்றி மாட்டியவர்களின் குறிப்புகள்

செயின்லைன்:

"வேர்ல்டு டூர் அணி எதுவும் ஓட்டாத பிராண்டை நம்பி வாங்கலாமா?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் இந்தத் தனி இழை. (வேர்ல்டு டூர் என்பது தொழில்முறை சைக்கிள் பந்தயத்தின் உச்ச நிலை.) இப்படிப்பட்ட சைக்கிள்களைக் கழற்றி மாட்டியவர்களும் வாங்கி விற்றவர்களும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எந்தப் பாகம், என்ன அளவு, எங்கே கோளாறு வரும், ஏன் வரும் என்பது போதும்.

யார் உள்ளே, யார் வெளியே என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2025 பருவத்தில் ஆண்கள் வேர்ல்டு டூரில் 18 அணிகள், 16 பிராண்டுகள். கொல்நாகோ, செர்வெலோ, பினரெல்லோ, ஸ்பெஷலைஸ்டு, டிரெக், கேன்யன், கேனண்டேல், ஜயன்ட், மெரிடா, வான் ரைசல், வில்லியர், லுக், பியாங்கி, லாபியேர், கியூப், எக்ஸ்-லேப். ஸ்பெஷலைஸ்டுக்கும் கேன்யனுக்கும் இரண்டிரண்டு அணிகள். வெளியே நின்றவை ஸ்காட், பிஎம்சி, ரிட்லி, ஆர்பியா, ஃபேக்டர், டி ரோசா, டைம், ஃபெல்ட், ஃபூஜி, ஃபோகஸ், ஆர்கான் 18, குவோட்டா, எடி மெர்க்ஸ், ரோஸ் என்று நீளும். இந்த இரண்டாவது வரிசையை மட்டமான சரக்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

எதிர்க்காற்று:

செயின்லைன், உங்கள் இரண்டாவது வரிசையையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேர்ல்டு டூர் அணியில் இல்லாதது வேறு, வேர்ல்டு டூர் பந்தயத்தில் இல்லாதது வேறு. 2025 டூர் டி பிரான்ஸில் 18 அணிகளோடு ஐந்து புரோ டீம்களும் (இரண்டாம் நிலை அணிகள்) ஓடின. அவற்றின் சைக்கிள்கள் ரிட்லி, ஆர்பியா, ஃபேக்டர், பிஎம்சி, என்வி. துலூஸில் முடிந்த 11ஆம் கட்டத்தை யூனோ-எக்ஸ் அணியின் யோனஸ் ஆப்ரஹாம்சன் ரிட்லியில் வென்றார். அதே ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் போட்டியான வுவெல்டாவில் டாம் பிட்காக் ஸ்காட்டில் மூன்றாம் இடம் பிடித்தார். அணிகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த இரண்டு சைக்கிளும் படாது.

உண்மையாகவே பந்தயத்தில் காணாமல் போனவை டைம், ஃபெல்ட், ஃபூஜி, ஃபோகஸ், குவோட்டா வகையறா. அவையும் ஒரு காலத்தில் உள்ளே இருந்தவைதான். டாம் பூனன் 2005இல் பாரிஸ்-ரூபேயும் உலகப் பட்டமும் வென்றது டைமில். மார்செல் கிட்டல் 2013 டூரில் நான்கு கட்டங்களை வென்றது ஃபெல்டில்.

ஏஜி2ஆர் என்ற ஒரே அணியின் வரிசையைப் பாருங்கள். 2008 முதல் பிஎச், 2011 முதல் குவோட்டா, 2013 முதல் ஃபோகஸ், 2017 முதல் ஃபேக்டர், 2019 முதல் எடி மெர்க்ஸ், 2021 முதல் பிஎம்சி, 2024 முதல் வான் ரைசல். பதினாறு ஆண்டுகளில் ஏழு பிராண்டு. டிசம்பர் 31 இரவு ஒப்பந்தம் முடிந்ததால் கார்பன் கெட்டுப்போவதில்லை. லாபியேரைத்தான் பாருங்களேன், 2023 வரை எஃப்டிஜே அணியில் இருந்தது, 2024இல் இல்லை, 2025இல் வேறு அணியோடு திரும்பி வந்துவிட்டது.

டார்க் ரெஞ்ச்:

ஏன் வெளியே நிற்கிறார்கள் என்பதற்குக் காசில்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும்.

ஓர் அணியில் 30 வீரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் போட்டிக்கு மூன்று, வீட்டில் பயிற்சிக்கு ஒன்று, டைம் டிரையல் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம்) சைக்கிள் இரண்டு. அதிலேயே 180 ஃபிரேம் போய்விடும். விழுந்து உடைவதற்கு மாற்று தனி. மெக்கானிக்குகளின் கையிருப்பு தனி. இதை ஒரு பெரிய கம்பெனி பருவம் தொடங்கும் முன் கொட்டிக் கொடுத்துவிடும். ஆண்டுக்குச் சில நூறு ஃபிரேம் மட்டும் செய்யும் பட்டறையால், வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் அதைக் கொடுக்க முடியாது.

அதைவிடப் பெரிய தடை டைம் டிரையல் சைக்கிள். பெரிய சுற்றுப் போட்டிகளில் தனிநபர் கட்டம் இருக்கும், அதற்குத் தனி ஃபிரேம் வேண்டும். கார்பன் ஃபிரேமில் ஒவ்வொரு சைஸுக்கும் ஓர் அச்சு. ரோடு ஃபிரேமுக்கு ஆறேழு அச்சு, டைம் டிரையலுக்கு இன்னும் நாலைந்து. ஹேண்டில்பார், நீட்சிக் கம்பிகள், முழங்கைத் தாங்கி எல்லாம் மேல் செலவு. ரோடு ஃபிரேமின் அச்சுச் செலவு விற்பனையில் திரும்பிவிடும். டைம் டிரையல் சைக்கிளைக் கடையில் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர். நல்ல ரோடு ஃபிரேம் செய்யும் சின்ன பிராண்டு டைம் டிரையல் பக்கமே போகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான், அது கோழைத்தனம் இல்லை.

யூசிஐ (சர்வதேச சைக்கிள் பந்தயச் சங்கம்) ஒட்டுவில்லை பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2011 முதல் புது ஃபிரேம் மாடல்களுக்கு யூசிஐ ஒப்புதல் வேண்டும், அதன் அடையாளம்தான் ஃபிரேமில் இருக்கும் அந்தச் சின்ன வில்லை. அந்த ஒப்புதலில் பார்ப்பது குழாய்களின் வடிவமும் அளவும் விதிக்குள் இருக்கிறதா என்பதை. உறுதிச் சோதனை வேறு, அதற்கு ஐஎஸ்ஓ 4210 இருக்கிறது. உரிமம் எடுத்துப் போட்டியில் இறங்குபவர் வில்லையைத் தேடட்டும். மற்றவர்கள் ஐஎஸ்ஓ சோதனை நடந்ததா என்று கேட்டால் போதும்.

பழைய ஸ்டீல்:

பெயரும் செய்தவரும் ஒருவரே என்ற நம்பிக்கையும் சரியல்ல. 1988 ஜீரோ டி இத்தாலியாவை வென்ற ஆண்டி ஹாம்ஸ்டனின் சைக்கிளில் இருந்த பெயர் ஹஃபி. கட்டியவர் லேண்ட்ஷார்க் பட்டறையின் ஜான் ஸ்லாவ்டா. ஹஃபி சிறுவர் சைக்கிளுக்குப் பேர்போன கம்பெனி. மேலே பெயிண்ட், கீழே வேறொருவர் கைவேலை. அந்தக் காலத்தில் இது சகஜம்.

பெஜோ, ராலே, ஜித்தான் என்று முதல் வரிசையை ஆண்ட பெயர்களின் பழைய ஃபிரேம்களை எடுப்பவர்கள் பாட்டம் பிராக்கெட்டை (மிதி அச்சைத் தாங்கும் பேரிங் பகுதி) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எண்பதுகளின் தொடக்கம் வரையிலான பெஜோ பலவற்றில் பிரெஞ்சு மரை, 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி, இரண்டு பக்கமும் வலது மரை. இப்போது எங்கும் கிடைக்கும் பிஎஸ்ஏ வகைக் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. வலது செயின் பக்கம் அது இடது மரை என்பதால் அங்கே ஏறவே ஏறாது. இடது பக்கம்தான் ஆபத்து. இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக உள்ளே போகும், அப்புறம் இறுகும், பலம் கொடுத்தால் ஷெல்லின் (ஃபிரேமில் கப் ஏறும் குழாய்) மரை போய்விடும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மும் அப்படித்தான். பிரெஞ்சு ஃபோர்க்கின் உள்விட்டம் 22.0, மற்றவர்களின் ஸ்டெம் 22.2. அலுமினிய ஸ்டெம்மின் உள்ளே போகும் பகுதியை உப்புத்தாளால் 0.2 மி.மீ. தேய்த்துப் போடலாம். சுத்தியலை எடுக்க வேண்டாம்.

இத்தாலியப் பழசுகளில் 36 மி.மீ., 70 மி.மீ. அகல ஷெல், இரண்டும் வலது மரை. செயின் பக்கக் கப் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வரும். அச்சின் சுழற்சி கப்பை எதிர்த்திசையில் உருட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். எண்ணெய் துடைத்து, மரைப் பசை பூசி, கப்புக்குச் சொல்லியுள்ள முழு டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்கினால் நிற்கும்.

ராலேயில் ஒரு கவனம். நாட்டிங்ஹாமில் செய்த சாதாரண மாடல்களில் பலவற்றுக்கு 26 மரை, அந்தக் கம்பெனிக்கே உரியது. 1980இல் யூப் சூட்டமெல்க் டூர் வென்ற டிஐ-ராலே அணியின் ஃபிரேம்கள் இல்க்ஸ்டனில் இருந்த தனிப் பட்டறையில் கட்டியவை, அங்கே வழக்கமான மரை. இரண்டுக்கும் தலைக்குழாயில் ஒரே பெயர்.

டார்க் ரெஞ்ச்:

பழைய ஸ்டீல் அண்ணன் சொன்னது புதுக் கார்பனுக்கும் பொருந்தும். வெளியே நிற்கும் பிராண்டில் உண்மையான பலவீனம் ஃபிரேமில் இல்லை, உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பாகங்களில் இருக்கிறது. பெரிய பிராண்டுக்கு ஒரு டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) எங்கோ ஒரு கடையில் கிடைக்கும். இவற்றுக்கு ஆறு வாரம் காக்க வேண்டும், கம்பெனி கைமாறினால் வரவே வராது. டைமையே எடுத்துக்கொள்ளுங்கள், 2016இல் ரோசிஞோல் வாங்கியது, 2021இல் பெடல் ஸ்ராமுக்கும் ஃபிரேம் வேறொரு நிறுவனத்துக்கும் பிரிந்து போயின.

ஹேங்கரில் தொடங்குங்கள். யுடிஎச் (பல பிராண்டுக்கும் பொதுவான ஹேங்கர்) வகை என்றால் கவலை விட்டது. இல்லையென்றால் சைக்கிளோடு சேர்த்து இரண்டு வாங்கி, ஒன்றைச் சேடில் பையில் போடுங்கள். கம்பெனி போய்விட்டதா? பழைய ஹேங்கரை வெர்னியர் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து, ஹேங்கர் மட்டுமே செய்யும் நிறுவனங்களின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வெளிவடிவம் ஒத்துப்போனால் போதாது. துளை அரை மி.மீ. தள்ளியிருந்தாலும் கியர் ஓயாமல் தாவும்.

ஹெட்செட் (தலைக்குழாயில் ஃபோர்க் திரும்பும் இடம்) பேரிங்கின் விளிம்பில் எண் அச்சாகி இருக்கும். 40×52×7 என்று ஒரே அளவிலேயே 45/45 பாகையும் உண்டு, 36/45 பாகையும் உண்டு. மாற்றிப் போட்டால் உட்காரும், ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் பிரேக் பிடிக்கும்போது கடகடப்பு போகாது. பிரேக் ஹோஸ் ஹெட்செட் வழியாகப் போகும் மாடலில் மேல் பேரிங்கை மாற்றவே ஹோஸைக் கழற்றி, புது ஆலிவ் (ஹோஸ் இணைப்பு வளையம்) போட்டு, பிரேக்கிலிருந்து காற்று எடுக்க வேண்டிவரும். அதனால் ஃபிரேம் புதிதாக இருக்கும்போதே தரமான பேரிங் போட்டுவிடுவது லாபம்.

சீட்போஸ்ட் பிடிக்கும் ஆப்பு அடுத்த வம்பு. ஏரோ வடிவப் போஸ்ட் என்றால் ஆப்பும் அந்தக் கம்பெனிக்கே உரியது. போஸ்ட் இறங்குகிறது என்று இன்னும் இறுக்குகிறார்கள், மேல் குழாயில் விரிசல் விழுகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இரண்டு பரப்பையும் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவி, ஃபிரேமில் அச்சிட்ட டார்க்கில் மட்டும் இறுக்கி, போஸ்ட்டைச் சுற்றி டேப் ஒட்டி, 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். டேப் நகர்ந்தால் ஆப்பின் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பலம் கொடுப்பதால் தீராது.

பாட்டம் பிராக்கெட் பற்றிச் சுருக்கமாக: பிஎஸ்ஏ அல்லது டி47 மரை இருந்தால் நிம்மதி. பிரஸ்-ஃபிட் 86 (மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை) என்றால் ஷெல் 86.5 மி.மீ., துளை 41 மி.மீ. துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக வந்திருந்தால் கிரீச் சத்தம் நிச்சயம். இரண்டு பக்கத் துளையையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். நடுவில் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் வகைக் கப் போட்டால் பெரும்பாலும் சத்தம் அடங்கும். பெரிய பிராண்டிலும் இதே தொல்லை உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஏறுமுகம்:

இங்கே யாரும் தொடாத ஒன்று, உட்காரும் நிலை. அணிக்குச் சைக்கிள் கொடுக்கும் கம்பெனி தன் தலைமை மாடலைத் தாழ்வாகவும் நீளமாகவும்தான் செய்ய வேண்டியிருக்கிறது. 56 சைஸில் ஸ்டாக் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து தலைக்குழாய் உச்சியின் உயரம்) சுமார் 565 மி.மீ., ரீச் (அதே இரண்டுக்கும் இடையிலான கிடைமட்ட நீளம்) சுமார் 395 மி.மீ. தொழில்முறை வீரர் அதிலும் ஒரு சைஸ் சிறிதாக எடுத்து நீளமான ஸ்டெம் போடுவார். அதைப் பார்த்து வாங்குபவர் ஸ்டெம்முக்கு அடியில் 30 மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் அடுக்குகிறார். தலைக்குழாய் 73 பாகை சாய்ந்திருப்பதால் அந்த 30க்குக் கைப்பிடி சுமார் 9 மி.மீ. பின்னால் வருகிறது, ஸ்டெம்மை மாற்ற வேண்டியதாகிறது. கார்பன் ஸ்டியரரில் (தலைக்குழாய்க்குள் போகும் ஃபோர்க் தண்டு) ஸ்பேசருக்கு உச்ச வரம்பும் உண்டு. அணிக் கட்டாயம் இல்லாத பிராண்டு ஸ்டாக் 590, ரீச் 380 என்று தைரியமாகச் செய்யலாம். இடுப்பு வளையாத நமக்கு அந்த ஃபிரேம் வேர்ல்டு டூரில் இல்லாததே நல்லது.

எடையும் அப்படித்தான். 2000 முதல் போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. போட்டிக்குப் போகாத ஃபிரேமுக்கு அந்தக் கவலை இல்லை.

செகண்ட் ஹேண்டு:

பழையது வாங்குபவர்களுக்கு. ஃபிரேமோடு ஒட்டிய சீட் மாஸ்ட் (சீட்போஸ்ட்டுக்குப் பதில் நீளும் ஃபிரேம் குழாய்) உள்ள மாடலில் முந்தைய உரிமையாளர் எங்கே அறுத்தார் என்பதை முதலில் கேளுங்கள். மேல் தொப்பி இரண்டு மூன்று செ.மீ.தான் ஏற இறங்கும். உங்கள் உயரம் அதற்கு மேல் என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் அந்த ஃபிரேம் உங்களுக்கு இல்லை. ஆர்கான் 18இன் சில மாடல்களில் தலைக்குழாயின் மேல் 0, 15, 25 மி.மீ. என்று மாற்றும் துண்டுகள் உண்டு. மூன்றும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று மட்டும் வந்தால் அந்த உயரத்தோடுதான் குடித்தனம்.

உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும், ஆகவே அதை விலையில் சேர்க்காதீர்கள். மறுவிற்பனையில் இந்தப் பெயர்கள் சீக்கிரம் விலை இறங்கும். விற்பவருக்கு அது வலி, வாங்குபவருக்கு அதுவே வாய்ப்பு. இன்னொரு வசதியும் இருக்கிறது. போலி அடிப்பவன் பினரெல்லோவையும் ஸ்பெஷலைஸ்டையும் தேடிப் போவான், குவோட்டா பக்கம் பெரும்பாலும் வரமாட்டான்.

செயின்லைன்:

த்ரூ ஆக்சில் (சக்கரத்தை ஃபிரேமில் பிடிக்கும் மரை அச்சு) தொலைந்தால் என்ன வாங்குவது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். டார்க் ரெஞ்ச், சொல்லுங்கள்.

டார்க் ரெஞ்ச்:

பின்சக்கரம் 12×142 (மி.மீ.இல் அச்சின் விட்டம், அகலம்) என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. மரை இடைவெளி மூன்று விதம்: 1.0, 1.5, 1.75. ஷிமானோ ஈ-த்ரூ 1.5, சின்டேஸ் எக்ஸ்-12 1.0, மேக்சில் 1.75. அளவுகோலோடு எடுத்த பழைய ஆக்சிலின் படமாவது இருந்தால் பத்து மரையின் நீளத்தை அளந்து பாருங்கள். 10 மி.மீ. என்றால் 1.0, 15 என்றால் 1.5, பதினேழரை என்றால் 1.75. மொத்த நீளத்தைத் தலையின் அடியிலிருந்து நுனிவரை எடுங்கள், தலை கூம்பா தட்டையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியதைச் சக்கரம் இல்லாமல் விரலால் திருகிப் பாருங்கள். ஐந்து சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். இரண்டாவது சுற்றில் பிடித்தால் மரை வேறு, அங்கேயே நிறுத்தி வெளியே எடுத்துவிடுங்கள்.