ஜேம்ஸ்டவுனுக்கு ஏன் அந்தச் சதுப்பு நிலம்? பவ்ஹாட்டன் ஊர்கள் ஏன் அங்கே அமையவில்லை?

கேள்வி

வெர்ஜீனியாவின் தொடக்கக் குடியேற்ற வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அதில் ஒரு செய்தி மனத்தை விட்டு அகல மறுக்கிறது. 1607 மே மாதம் ஜேம்ஸ் ஆற்றங்கரையில், ஜேம்ஸ்டவுன் என்ற இடத்தில், குடியேறிய 104 ஆங்கிலேயர்களில், அடுத்த சனவரியில் உயிரோடு எஞ்சியவர்கள் 38 பேர்தாம். அதே ஆற்றின் கரைகளிலும் அதற்கு வடக்கே உள்ள ஆறுகளின் கரைகளிலும், பவ்ஹாட்டன் என்று ஆங்கிலேயர் குறிப்பிட்ட பெருந்தலைவர் வாஹுன்செனகாவின் ஆட்சியில் ஏறத்தாழ 30 இனக்குழுக்கள் ஊர் அமைத்து, பயிரிட்டு, மீன் பிடித்து வாழ்ந்து கொண்டிருந்தன. ஒரே ஆறு ஒரு சாராரை வாழவைத்து மறு சாராரை மாய்த்தது எவ்வாறு? ஆங்கிலேயர் அறியாமையால் இடத்தைத் தவறாகத் தேர்ந்தனர் என்று சொல்லிக் கடந்துவிடலாமா, அல்லது அத்தேர்வுக்குப் பின்னே வேறு கணக்கு இருந்ததா?

மறுமொழி 1

கணக்கு இருந்தது, ஆனால் அது குடியிருப்பவரின் கணக்கு அன்று, கப்பலோட்டியின் கணக்கு. அவர்களை அனுப்பிய வெர்ஜீனியா கம்பெனி, புறப்படும்போதே எழுத்தில் கொடுத்த அறிவுரைகளைப் படித்தால் இது விளங்கும். ஸ்பானியர் திடீரென்று தாக்க முடியாதபடி கடலிலிருந்து உள்ளே தள்ளி அமர வேண்டும், கப்பல் கரையை ஒட்டி நிற்க வேண்டும், குடியேற்றத்துக்கும் கடலுக்கும் இடையே உள்நாட்டு மக்கள் எவரையும் குடியிருக்க விடக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஸ்பானியர் குறித்த அச்சம் வெறும் கற்பனை அன்று; 1565இல் ஃபுளோரிடாவில் பிரெஞ்சுக்காரர் அமைத்த கோட்டையை அவர்கள் அழித்த நினைவு அப்போது பழையதாகிவிடவில்லை.

கடல்வாயிலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருந்த ஜேம்ஸ்டவுன் இவற்றில் பலவற்றுக்குப் பொருந்தி வந்தது. ஒரு குறுகிய நிலத்துண்டு மட்டுமே அதைப் பெருநிலத்தோடு இணைத்ததால் காவல் எளிது; ஆற்றின் ஆழமான தடம் கரையை உரசிச் சென்றதால் கப்பல்களை மரத்திலேயே கட்ட முடிந்தது. அதற்குச் சற்றுக் கீழே ஆர்ச்சர்ஸ் ஹோப் என்று பெயரிடப்பட்ட நல்ல மண்ணுள்ள இடம் முதலில் பார்க்கப்பட்டு, கப்பல் கரையருகே வர இயலாது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்பட்டது. அதே அறிவுரையில் தாழ்வான, ஈரமான இடத்தில் குடியேற வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது என்பதுதான் வேதனை. அங்குள்ள மக்களின் உடல்நலத்தைப் பார்த்து ஓர் இடத்தின் தன்மையை அறியலாம் என்றும் கம்பெனி எழுதியிருந்தது. இவர்கள் தேர்ந்த இடத்திலோ பார்த்து அறிய மக்களே குடியிருக்கவில்லை. பவ்ஹாட்டன் குழுக்களுள் ஒன்றான பாஸ்பஹெக் மக்களின் எல்லைக்குள் இருந்தும் அவர்கள் அங்கே ஊர் அமைக்காதது ஏன் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

அதற்கான விடை தண்ணீரில் இருக்கிறது. இளவேனிலில் மேட்டு நிலங்களிலிருந்து ஆற்றில் நன்னீர் பெருகி வருவதால் உவர் கீழே தள்ளப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் வந்து பார்த்தது அத்தகைய பருவத்தில். கோடை முற்றி நீர்வரத்துக் குறைந்ததும் கடலின் உவர் மேலேறி, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் மண்டலம் ஜேம்ஸ்டவுனை ஒட்டியே வந்து நிற்கும். அங்கே கழிவு எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை. ஓதத்தோடு (கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு) போய் ஓதத்தோடு திரும்பி வரும். ஓதம் ஏறும்போது குடிநீர் மிகவும் உப்பாகவும், வற்றும்போது சேறும் அழுக்குமாகவும் இருந்தது என்று அக்குழுவில் இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்துள்ளார். அவர்களை வீழ்த்தியவற்றுள் வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் உப்பு நஞ்சும் இருந்தன என்று பின்னாளைய ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவே அடிப்படை.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். எதிர்க்கரையிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது தமிழ் இலக்கணம். ஆங்கிலேயர் நிலத்தை மட்டும் பார்த்தார்கள். பவ்ஹாட்டன் மக்கள் இரண்டையும் அறிந்திருந்தார்கள்.

பனிக்காலத்துக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்ததால் உருவானது செசபீக் விரிகுடா. அதனால் ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொட்டோமாக் ஆகிய ஆறுகளில் கடலோதம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஏறி, பாறைகள் குறுக்கிடும் அருவிக்கோட்டில்தான் நிற்கிறது. இன்றைய ரிச்மண்ட் நகரம் அக்கோட்டின்மீது அமைந்தது. செனகொமாக்கா என்று பவ்ஹாட்டன் மக்கள் அழைத்த நாடு பெரும்பாலும் இக்கோட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளி; கோட்டுக்கு மேற்கே இருந்தவர்கள் பகைவரான மொனாக்கன் மக்கள். படகில் செல்வோருக்கு அருவி ஒரு தடை, அரசியலில் அதுவே ஓர் எல்லை.

இச்சமவெளிக்குள் ஊர்களுக்கு இடம் தேர்ந்த முறையைக் கவனியுங்கள். வெள்ளம் தொடாத மேட்டுக்கரை, அருகில் நன்னீர் ஊற்று, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளையும் இலேசான வண்டல், எட்டும் தொலைவில் சதுப்பு ஆகிய நான்கும் கூடிய இடமே அவர்களுக்கு ஏற்றது. சதுப்பை அவர்கள் வெறுக்கவில்லை. அதில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான். சென்ற ஆண்டின் சோளம் தீர்ந்து புதியது விளையாத முன்கோடை மாதங்களில், பெண்கள் அச்சதுப்பிலிருந்தே டக்கஹோ கிழங்கைத் தோண்டி எடுப்பர். நம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அக்கிழங்கைப் பச்சையாக உண்டால் தொண்டை எரியும். நெடுநேரம் சுட்டுப் பக்குவப்படுத்திய பின்னரே அது உணவாகும். இளவேனிலில் முட்டையிட ஆறேறி வரும் மீன்களுக்காக அணைகட்டி வலைத்தடுப்பு வைப்பதும், குளிர்காலத்தில் ஊரே மேல்நோக்கிச் சென்று மான் வேட்டையாடுவதும் இதே ஆண்டுச் சுழற்சியின் பகுதிகள். நிலம் களைத்தால் வயலை மாற்றுவர். இளமரங்களை வளைத்துப் பாயோ மரப்பட்டையோ போர்த்திய வீடுகளை வேறிடத்தில் எழுப்புவது கடினமன்று. ஆகவே ஓய்வுக்கு விடப்பட்ட வயலையும் வேட்டைக் காட்டையும் ஆங்கிலேயர் ஆளில்லா நிலம் என்று படித்தது பெரும் பிழை.

தலைநகரும் இதற்கு விலக்கன்று. யார்க் ஆற்றின் வடகரையில் இருந்த வெரோவோகோமோகோவிலிருந்து 1609இல் வாஹுன்செனகாவ் வெளியேறி, சிக்கஹாமினி ஆற்றின் தலைப்பகுதிச் சதுப்புகளுக்கு நடுவே இருந்த ஒராபாக்ஸுக்குச் சென்றார். ஆங்கிலேயரின் கப்பல் தொட முடியாத இடத்தை அவர் நாடினார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அவர்கள் மே மாதத்தில் வந்தார்கள் என்பதற்கு இவ்வளவு பொருள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. தவறு தெரிந்த பின்னும் அவர்கள் இடம் பெயராதது ஏன்? மேலும், இவ்வாறு விளக்கினால் எல்லாப் பழியும் ஆற்றின்மேல் போய்விடாதா?

மறுமொழி 3

போய்விடக்கூடாது என்றே நானும் எண்ணுகிறேன். மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் 1606 முதல் 1612 வரையிலான காலத்தை ஏறத்தாழ 770 ஆண்டுகளில் காணாத கொடிய வறட்சி என்று கண்டறிந்துள்ளனர். வறட்சி இரு சாராரையும் தாக்கியது. ஆனால் தமக்கே போதாத ஆண்டில் அயலாருக்குச் சோளம் கொடுக்க வேண்டிய நிலைக்குப் பவ்ஹாட்டன் மக்களைத் தள்ளியது வானிலை அன்று. தமக்கென விளைவிக்காமல், வாங்கியும் பறித்தும் உண்டவர்களின் முடிவு. 1609–10 குளிர்காலப் பெரும்பசி, பவ்ஹாட்டன் மக்களுடனான போரின்போது ஜேம்ஸ்டவுன் கோட்டை முற்றுகையிடப்பட்டதால் நேர்ந்தது; அங்கே மீந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

இடம் பெயர முயலவில்லை என்பதும் சரியன்று. 1610 சூனில் ஜேம்ஸ்டவுனைக் கைவிட்டு ஆற்றில் இறங்கியே விட்டார்கள். எதிரே புதிய ஆளுநர் டி லா வேரின் கப்பல்கள் வந்ததால் திரும்பினார்கள். 1611இல் ஆற்றின் மேற்பகுதியில், நன்னீர் ஓடும் இடத்தில், ஹென்ரிக்கஸ் நிறுவப்பட்டது. அங்கிருந்து கதை வேறு திசையில் திரும்புகிறது. குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரோல்ஃபின் புகையிலை 1614இல் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. மூன்று நான்கு ஆண்டுகளில் மண்ணை வெறுமையாக்கும் பயிர் அது; ஆதலால் புதுநிலம் ஓயாமல் தேவைப்பட்டது. தோட்டம்தோறும் கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழமான ஓத ஆறுகள் இருந்ததால், துறைமுக நகரத்துக்கு அங்கே தேவையே எழவில்லை. ஒவ்வொருவரும் தம் தோட்டத்துறையிலிருந்தே சரக்கை ஏற்றினர். அவர்கள் முதலில் கைவைத்த நிலம் எதுவென்றால், பவ்ஹாட்டன் பெண்கள் திருத்திப் பயிரிட்டிருந்த கரையோர வயல்கள். அருவிக்கோட்டுக்கு மேலே பகைவர், கீழே தோட்டங்கள், நடுவே சுருங்கும் நாடு என்ற நெருக்கடியில்தான் பவ்ஹாட்டன் மக்களின் 1622 மார்ச் 22 தாக்குதல் நிகழ்ந்தது. அன்று 347 ஆங்கிலேயர் இறந்தனர். குடியிருப்புகள் ஆற்றோரம் சிதறிக் கிடந்தது இழப்பைப் பெருக்கியது.

1634இல் ஆங்கிலேயர் ஜேம்ஸ், யார்க் ஆறுகளுக்கு இடையே தீபகற்பத்தின் குறுக்காக வேலி அடித்தார்கள். 1646 உடன்படிக்கை யார்க் ஆற்றுக்கு வடக்கே பவ்ஹாட்டன் மக்களுக்கு என்று வகுத்தது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1699இல் ஆங்கிலேயர் தம் தலைநகரை இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டுக்கு, இன்றைய வில்லியம்ஸ்பர்க்குக்கு, மாற்றிக்கொண்டனர். பவ்ஹாட்டன் குழுக்களுள் ஒன்றான பாமுங்கி மக்களோ தம் பெயர் தாங்கிய ஆற்றின் ஒரு வளைவில் இன்றும் வாழ்கிறார்கள். கடலிலிருந்து ஆறேறி வரும் ஷாட் மீனின் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து ஆற்றிலேயே திரும்ப விடும் நிலையம் ஒன்றை 1918 முதல் அவர்கள் அங்கே நடத்தி வந்திருக்கிறார்கள்.