நித்திரை இல்லாத பொடியனை டொக்டரிட்ட எப்படிக் கூட்டிப் போறது?

கடலோரன்:
திருகோணமலையில 22 வயசுப் பொடியன். ரெண்டு மாசமாக் கடல் தொழிலுக்குப் போகல்ல. விடியப்பறம் மூண்டு மணிக்கே முழிச்சிடுறான், எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுறான். டொக்டரிட்டப் போவம் எண்டா "எனக்கென்ன விசரா?" எண்டு கேக்கிறான். என்ன சொல்லிக் கூட்டிப் போறது?

வலைக்காரன்:
மனநோய் எண்டு தொடங்காதீங்க, நித்திரையில தொடங்குங்க. "ரெண்டு மாசமா நித்திரை இல்ல, உடம்பு எப்படித் தாங்கும்? வா காட்டுவம், நானும் வாறன்." இது பொய் இல்ல. விடிய முன்னமே முழிப்பு வாறது மனச்சோர்வின்ர அறிகுறிதான். ஆம்பிளைப் பிள்ளைகளிட்ட அழுகையை விடக் கோபமும் குடியும் முன்னுக்கு நிக்கும். வீட்டில திமிர் எண்டு ஏசுறது அதாலதான். முன்னால இருத்தி விசாரிக்காம, வலை பொத்தேக்க பக்கத்தில இருந்து கேளுங்க. முகம் பாக்கத் தேவையில்லாத இடத்தில கதை வரும்.

நிலாவெளி அக்கா:
மாவட்டப் பொது வைத்தியசாலை ஓ.பி.டி.யில காட்டலாம், காசு இல்ல. நித்திரை, சாப்பாடு, எத்தனை கிழமை எண்டதைத் தாளில எழுதிக் குடுங்க, அங்க போனா வாய் அடைச்சிடும். தைரொயிட், இரத்தச்சோகை இருக்கா எண்டும் பாக்கச் சொல்லிக் கேளுங்க, அதுகளும் இப்படிச் சோர்வைத் தரும். குடிக்கிற அளவை மறைக்க வேண்டாம். நாளாந்தம் நிறையக் குடிக்கிறவர் திடீரெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரலாம்.

மனச்சோர்வுக்குக் குளிசை தந்தா முதல் கிழமை வயித்துப் பிரட்டல், தலையிடி வரலாம். குணம் தெரிய 2 முதல் 4 கிழமை செல்லும். இடையில "வேலை செய்யல்ல" எண்டு விடுறதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. 25 வயசுக்குக் குறைஞ்சவரைத் தொடக்கக் கிழமைகளில கவனமாப் பாருங்க: பதகளிப்பு, சாகிற எண்ணம் கூடினா அண்டைக்கே டொக்டரிட்டச் சொல்லுங்க. சுகமானாலும் 6 மாசமாவது போடோணும், டொக்டர் சொல்ற மாதிரி மெல்ல மெல்லத்தான் குறைக்கிறது.

கடலோரன்:
நன்றி அக்கா. சாகிற எண்ணத்தைப் பற்றி நாமளாக் கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

நிலாவெளி அக்கா:
ஆகாது தம்பி. "செத்தா நல்லம் எண்டு யோசனை வருதா?" எண்டு நேராக் கேளுங்க. ஓம் எண்டா, எப்படி எண்டு யோசிச்சிருக்கிறானா எண்டும் கேளுங்க. வழி யோசிச்சிருந்தா தனிய விடாம அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்க. பொலிஸ் வழக்கு வரும் எண்டு பயப்பட வேண்டாம், தற்கொலை முயற்சி குற்றம் எண்ட சட்டம் இலங்கையில 1998 இலேயே நீங்கிட்டுது. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில இருந்தா இண்டைக்கே வேற வீட்டுக்கு மாத்துங்க. குளிசைப் பெட்டி உங்கட கையில இருக்கட்டும். 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில கதைக்கலாம், அவன் மாட்டன் எண்டாலும் நீங்க எடுத்துக் கேக்கலாம்.