புதுப்பிப்பு: வேல்ஸில் மலையா, கடலா?

இந்தக் கோடையில் வேல்ஸின் மலைப்பக்கம் போவதா, கடற்கரைக்குப் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைக்கே ஜூனில் போய் வந்தோம். சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஸ்கோமர் தீவைத் தவறவிடாதீர்கள். மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து படகு. அங்கே பஃபின் பறவைகள் மண் பொந்துகளில் குஞ்சு பொரிக்கின்றன. அலகு நிறையச் சின்னச் சின்ன வெள்ளி மீன்களைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு ஒன்று எங்கள் காலருகே ஓடிப் பொந்துக்குள் நுழைந்தது. என்ன அழகு! ஜூலை கடைசிக்குள் அவை கடலுக்குத் திரும்பிவிடும், அதற்கு முன் போய்விடுங்கள்.

பாராஃபண்டில் கடற்கரைக்கு வண்டி போகாது. ஸ்டாக்போல் கீயில் நிறுத்திவிட்டுப் பாறை விளிம்போடு அரை மைல் நடக்க வேண்டும். அதனால்தான் அது இன்னும் கெடாமல் இருக்கிறது என்பேன். பக்கத்திலேயே பாஷர்ஸ்டன் குளங்களில் அல்லி பூத்துக் கிடந்தது.

அப்புறம், கிரீன் பிரிட்ஜ் என்ற சுண்ணாம்புப் பாறை வளைவு. 2017 புயலில் ஒரு பகுதி விழுந்தும் கம்பீரமாக நிற்கிறது. அது ராணுவச் சுடுதளத்துக்குள் இருப்பதால், பயிற்சி நடக்கும்போது பாதையை மூடிவிடுவார்கள். நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கார் இல்லை என்று கேட்டவருக்கு: கடலோரப் பேருந்துகள் உண்டு, கோடையில் கூடுதலாகவே ஓடும்.