கட்டடப் பராமரிப்புத் தொழில்: பதிவு மட்டும் போதுமா?

கேள்வி:
வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் பராமரிப்புப் பணி செய்து தரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். பெயிண்ட் அடித்தல், குழாய்க் கசிவை அடைத்தல், மின்வேலை, ஏசி சர்வீஸ், தோட்ட வேலை என அனைத்தையும் ஏற்க எண்ணியுள்ளேன். தொழிலைப் பதிவு செய்துவிட்டால் போதுமா, ஒவ்வொரு வேலைக்கும் தனி உரிமம் வேண்டுமா?

பதில் 1:
பதிவு என்பது தொழில் நடத்தவும் வரி செலுத்தவும் உதவும் அடையாளம் மட்டுமே. எந்த வேலையையும் செய்யும் தகுதியை அது தருவதில்லை. உரிமம் நிறுவனத்தின் பெயரைப் பொறுத்ததன்று, செய்யும் வேலையைப் பொறுத்தது. புல் வெட்டுவதற்குப் பெரும்பாலும் தனி உரிமம் கேட்கமாட்டார்கள். புதிய மின்கம்பி இழுப்பதற்கும் எரிவாயுக் குழாயைப் பிரிப்பதற்கும் கேட்பார்கள். ஏசியைத் துடைத்துச் சுத்தம் செய்வது வேறு, அதன் குளிரூட்டும் வாயுவை இறக்கி ஏற்றுவது வேறு. இத்தகைய வாயுக்களிலிருந்து ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த சட்டங்களின்படி, பல நாடுகளில் அந்த வாயுவைக் கையாளச் சான்றிதழ் கட்டாயம். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதாயின் அதையும் தனியே விசாரியுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு காப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள். உரிமம் இல்லாதவர் செய்த மின்வேலையால் தீப்பிடித்தால், பிரீமியம் தவறாமல் கட்டியிருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. துணை ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவருடைய உரிமம், காப்பீடு இரண்டின் நகலையும் காலாவதி நாள் பார்த்து வாங்கி வையுங்கள். ஆனால் உங்கள் கருவிகளோடு, நீங்கள் சொல்லும் நேரத்தில், உங்களுக்கு மட்டுமே வேலை செய்பவரைத் தாளில் ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. பல நாட்டுச் சட்டங்கள் அவரை ஊழியராகவே கருதும், அவர் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் உங்களைச் சேரும்.

கேட்டவர்:
அப்படியானால் பெயிண்டிங்கையும் தோட்ட வேலையையும் மட்டும் நேரடியாக ஏற்கிறேன். இவற்றில் சிக்கல் இல்லைதானே?

பதில் 3:
பழைய கட்டடம் என்றால் பெயிண்டிங்கிலும் சிக்கல் உண்டு. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது நச்சுத்தன்மையுள்ள ஈயத் தூசி பறக்கலாம். அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு அத்தகைய வேலை செய்யும் நிறுவனம் பொதுவாகச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளையிடுவதற்கும் கழற்றிக் கொட்டுவதற்கும் பல நாடுகளில் விதிகள் இதைவிடக் கண்டிப்பானவை. கட்டிய ஆண்டைக் கேட்டறியாமல் விலைப்புள்ளி கொடுக்காதீர்கள்.